ஏழு கூம்புகளின் வரிசை

டெபோரா அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வாயிலிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும். பாளையங்கோட்டைக்காரி. மணிமுத்தாறு மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக டெக்னீசியன். பெரிய படிப்புப் படித்தவர்களையே ஒற்றைக் கேள்வியில் உட்காரவைப்பாள். கிளார்க்கான நானும், ஃபைல் தாமதமானதற்கு வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

வானத்து ரேடியோ அலைகளை வாங்கும் பழைய ரிசீவருக்கு ஒரே கண். வானத்தில் ஒரு சமயத்தில் ஒரு புள்ளியைத்தான் பார்க்கும். எங்கள் தலைக்கு மேலே தெரியும் வானத்தை முழுசாகப் பார்த்து முடிக்க முப்பது வருஷம் ஆகும் என்றார்கள். அதற்குள் நாமெல்லாம் மண்ணோடு மண்ணாகிவிடுவோம் என்று எரிந்து விழுந்த அக்கா, "ஏழு கண்ணு வச்சா என்ன?" என்று கேட்டாள். கண்ணுக்கு ஒரு கூம்பு: நடுவில் ஒன்றாம் எண், சுற்றிலும் இரண்டு முதல் ஏழுவரை ஆறு. திட்டம் போட்டதிலிருந்து கடைசி வயர் பற்றவைத்ததுவரை ஆறு வருஷம் அதிலேயே கிடந்தாள். ஆனால் மேலிடத்துக் குழு ஒரு நிபந்தனை போட்டது. சோதனையில் தேறாவிட்டால், எங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று ரிசீவரைக் கழற்றி வடக்கே வேறொரு நிலையத்துக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். நோகாமல் நுங்கு தின்னப் பார்த்தார்கள், வேறென்ன!

சோதனை அன்று காலை, சூரியன் வரும் பாதையில் சற்று முன்னால் டிஷ்ஷை நிறுத்தினோம். சூரியன் கடக்கும்போது முதலில் இரண்டாம் கூம்பின் கோடும் பிறகு ஆறாம் கூம்பின் கோடும் திரையில் துள்ளவேண்டும். ஆறுதான் முதலில் துள்ளியது. குழுத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார்.

அக்கா ஃபிட்டர் குமரவேலைக் கூப்பிட்டாள்.

"ஏலே, கூம்புல நம்பர் ஒட்டும்போது எங்கன நின்ன?"

"டிஷ்ஷுக்குள்ள நின்னு அண்ணாந்து பாத்துதாங்க்கா. நடுவுல சாமி இருக்கதா நெனச்சு, வலமா சுத்தி ஒட்டுனேன்."

அங்கேதான் வினை. வரைபடம், டிஷ்ஷுக்கு மேலே கவிழ்ந்து தொங்கும் ரிசீவரின் முதுகுப்பக்கமிருந்து பார்த்து வரைந்தது. கீழே நிற்பவனுக்கு வலம் என்றால் மேலே நிற்பவனுக்கு அது இடம். பக்தியோடு ஒட்டிய நம்பர்படியே வயரும் போனதில் வரிசையே தலைகீழாகிவிட்டது. சரிபார்த்த அக்காவும் கவனிக்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும்.

யார் செய்த தப்பு என்று தலைவர் கேட்டார். குமரவேல் வாயெடுக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள்.

"சரின்னு கையெழுத்துப் போட்டது நான். தப்பும் என்னோடதுதான். பத்து நிமிஷம் குடுங்க சார்."

வயரில் கைவைக்கவில்லை. எந்த வயர் எந்தக் கூம்பு என்று சொல்லும் கம்ப்யூட்டர் பட்டியலில் இரண்டையும் ஆறையும், மூன்றையும் ஐந்தையும் இடம் மாற்றினாள்; நான்கும் ஏழும் எப்படிச் சுற்றினாலும் அதே இடம்தான். டிஷ்ஷை மறுபடி சூரியனுக்கு முன்னால் நகர்த்தினோம். இரண்டு துள்ளியது. அடுத்து ஆறு. பிறகு மீதி ஐந்தையும் பார்த்தோம். எல்லாம் வரைபடத்தில் இருந்தபடியே எழுந்தன. அடேயப்பா, எதற்கும் கைதட்டாத நானே தட்டினேன். குமரவேல் அழுதேவிட்டான்.

ரிசீவர் இங்கேயே இருக்கட்டும், வானம் முழுவதையும் பார்க்கும் சர்வேயை அடுத்த மாதம் தொடங்கலாம் என்றார் தலைவர்.

"அடுத்த மாசம் எதுக்கு சார்? டிஷ்ஷு இப்பவே வானத்தப் பாத்துத்தான நிக்கி."

அவர் சிரித்துவிட்டார். ரேடியோ அலைக்குப் பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான்; அன்று மதியமே தொடங்கினோம். பதிவேட்டில் 'நோக்குநர்' என்று ஒரு கட்டம் உண்டு. விஞ்ஞானிகளின் பெயர் மட்டுமே ஏறும். தலைவர் பதிவேட்டை வாங்கி, தன் கையாலேயே 'டெபோரா' என்று எழுதினார்.