மழைமானிக்குக் கூரை

எங்கள் ஊரில் தாடி வளர்ப்பது ஆபத்தான காரியம். வேறு ஊரில் தாடி வைத்தால் காதல் தோல்வியா என்று கேட்பார்கள். திருவண்ணாமலையில் காலில் விழுந்துவிடுவார்கள். என் அப்பாவுக்கு பிளேடு பட்டாலே முகம் தடித்துவிடும், அதனால் தாடியை விட்டுவிட்டார். அதன் விளைவு மட்டும் அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. மற்ற எல்லாம் புரிந்தது.

எல்லாம் என்றால் எல்லாமும்தான். அரசுப் பள்ளியில் வேதியியல் வாத்தியார். மலைப் பாறையின் வயதைப் பற்றி எழுதினார், அதில் படரும் கற்பாசியைப் பற்றி எழுதினார். எந்தக் கிணற்றில் எப்போது உப்பு ஏறுகிறது, எந்த மழைக்குப் பிறகு எந்தத் தவளை கத்துகிறது, எவ்வளவு மழை ஊறினால் சரிவில் பாறை இளகும் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருந்தார். கட்டுரைகள் வெளிநாட்டு ஆய்விதழ்களில் வந்தன. உள்ளூரில் அவரைப் பற்றி இருந்த ஒரே அபிப்பிராயம், டியூஷன் எடுத்துப் பிழைக்கத் தெரியாத வாத்தியார் என்பதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு வினை ஆரம்பித்தது. செங்கம் ரோட்டை ஒட்டி, மலையடிவாரத்தில் எங்கள் வீடு. வாசலுக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் மழைமானி வைத்திருந்தார். உருளையான ஒரு பாத்திரம், அதன் தலையில் புனல், அவ்வளவுதான். தினமும் காலை எட்டரைக்கு மேல்சட்டை இல்லாமல் அதன் முன்னால் குந்தி உட்காருவார். விழுந்திருக்கும் நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகத் தூக்கி, மூச்சுவிடாமல் பார்ப்பார். பிறகு அங்கேயே அசையாமல் பறவைகளை எண்ணுவார். யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டார், எண்ணிக்கை தப்பிவிடும். தாடி, மௌனம், கையில் தீர்த்தம். இந்த ஊருக்கு வேறென்ன வேண்டும்?

பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா ஒருநாள் அவருக்கு எதிரில் கண்ணை மூடி உட்கார்ந்தார். அத்தோடு தீர்ந்தது. “வெள்ளைக்காரியே வந்து உக்காந்திருக்கான்னா சும்மாவா?” என்று ஆட்டோக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். நம் ஊர் மனிதரின் அருமை நமக்குத் தெரிய, அயல்நாட்டு விசா ஒன்று தேவைப்படுகிறது.

அப்பா சொல்லிப் பார்த்தார். “நான் சாமி இல்லைங்க, ரிடையர்டு வாத்தியார்.”

“பெரிய சாமிங்க எல்லாம் இப்படித்தான் சொல்லுவாங்க” என்றார் வந்தவர்.

இன்னொருவருக்குப் பொறுமையாகக் குவளையைக் காட்டி, நேற்று நாலு மில்லிமீட்டர் என்று விளக்கினார். அந்த மனிதர் நாலு மாதத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவரும் என்று சாமி வாக்குக் கொடுத்ததாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். கல்யாணமும் கூடிவந்து தொலைத்தது.

போன கோடையில் அப்பா இறந்தார். வேங்கிக்காலில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் மழைமானியைப் பார்ப்பது என் பொறுப்பாயிற்று. அவர் பொருட்களில் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். அதன் முன்னால் குந்தி உட்காரும்போது அவர் பக்கத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹார்டுவேர் கடைக்காரர் நாலு இரும்புக் குழாயும் தகர ஷீட்டுமாக வந்து இறங்கினார். தன் பையனுக்கு டியூஷன் எடுக்கவில்லை என்று அப்பாவை ஊரெல்லாம் திட்டியவர். அப்பா போன பிறகு மழைமானியையே ‘ஐயா’ என்று கும்பிட ஒரு பக்தர் குழு கிளம்பியிருந்தது, இப்போது அதற்கு இவர்தான் தலைவர். மழைமானிக்கு மேலே கூரை போடப் போகிறாராம்.

“ஐயா மழையில நனையறாரும்மா. மனசு கேக்கல.”

“அதுல மழை விழணுங்க. அதுக்குத்தான் வெச்சிருக்கு.”

“விழுந்தா துருப் புடிச்சிடும்மா. ஷீட்டு நம்ம கடையில இருந்து ஃப்ரீ. செலவு ஜாஸ்தி ஆவாது.”

நான் விளக்கினேன். இத்தனை வருஷமாக விடாமல் எடுத்த அளவு, ஒரு பருவம் விட்டுப்போனாலும் ஓட்டையாகிவிடும், பாறைச் சரிவுக் கணக்கே இதை வைத்துத்தான் என்று குரல் உடையும் வரை விளக்கினேன். பிரசங்கம் கேட்பதுபோல் கைகட்டிக் கேட்டார். முடிந்ததும் ஆளிடம் திரும்பி, “குழிய நல்லா ஆழமா தோண்டுப்பா” என்றார். அப்பா இறந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை.

முதல் குழாயை நட்டபோது, அவர் என்னருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா கனவுல வந்து ஏதாச்சும் உத்தரவு குடுத்தாராம்மா?”

அவரைப் பார்த்தேன். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

“குடுத்தாரு. தலைக்கு மேல எதுவும் கூடாதுன்னாரு. உள்ள பால் ஊத்தக் கூடாதுன்னும் சொன்னாரு.”

குழாய் வெளியே வந்துவிட்டது. “வெட்டவெளி சாமி” என்று முணுமுணுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாளே, குழு வாசலில் கட்டியிருந்த பேனரில் அப்பாவின் பெயர் அப்படியே மாறியது. கனவே காணாத மனிதரின் பெண், கனவை வைத்துக் காரியம் சாதித்தேன். வருத்தம் இல்லை. வருத்தம் இல்லையே என்பதுதான் எரிச்சல்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. நாள் நாளாகக் கூட்டிக்கொண்டு வந்த அளவு ஒரு காலையில் அப்பா குறித்துவைத்த எல்லையைத் தாண்டியது. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு போன் செய்தேன். மேலிருந்து தகவல் வரவில்லை என்றார்கள். மழை எனக்கும் மேலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

சரிவுக்கு நேர் கீழே இருக்கும் தெருவுக்கு ஓடினேன். “மண்ணு ரொம்ப ஊறிடுச்சு. பாறை இளகும். ரெண்டு நாளைக்கு எல்லாரும் ஸ்கூல்ல போய் இருங்க.”

கடைசி வீட்டு அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். “இத நீங்களா சொல்றீங்களா, இல்ல ஐயா சொன்னாரா?”

“ஐயா சொன்னாரு” என்றேன். இந்த முறை அது பொய்யில்லை.

தெரு மளமளவென்று காலியானது. சாயங்காலம் பாறை வந்தது. அந்த அம்மாவின் சமையலறைச் சுவரை இடித்துக்கொண்டு அடுப்பு இருந்த இடத்தில் நின்றது. வீட்டில் ஒருவரும் இல்லை. அன்றைக்கு நான் நன்றாக அழுதேன்.

இப்போது அந்தப் பாறைக்கு விபூதிப் பட்டை போட்டிருக்கிறார்கள். என்னைக் கண்டால் அவள் கையெடுத்துக் கும்பிடுகிறாள். பொறுக்க முடியாமல் ஒருநாள் நிறுத்தி வைத்துச் சொன்னேன்: “அவர் கனவுல எல்லாம் வரலம்மா. உயிரோட இருக்கும்போதே மழையை அளந்து, கணக்குப் போட்டு வெச்சிட்டுப் போனதுதான் அது.”

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு உள்ளே குளிர்ந்தது. ஊரில் ஒருவருக்காவது புரிந்ததே.

“சாமிக்குக் கணக்குகூட வருமாம்மா?” என்றாள்.