மன்னிப்புக் கோரியோர்

நோரீன் பாஸ்கோவுக்கு வயது எண்பத்தொன்று. போர்ட் ஹாலம் எஃகு ஆலையில் பத்தொன்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். பெண்களுக்கு அந்த வேலை சரிவராது என்று ஆலைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், வாரா வாரம் போய் விண்ணப்பம் கொடுத்து வேலை வாங்கினார். சேர்ந்த முதல் வாரம் ஆண்கள் அவருடைய கேபினில் ஒரு அழுகிய மீனை வைத்தார்களாம். அவர் அதைக் கிரேன் கொக்கியில் மாட்டி, சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் தலைக்கு நேர்மேலே கொண்டுவந்து நிறுத்தினாராம். நிஜமா என்று யாராவது கேட்டால், "கெட்டுப்போன மீன். நல்லதா இருந்தா வறுத்துத் தின்னிருப்பேன்" என்பார்.

எங்கள் நகராட்சியின் முதியோர் ஆலோசனைக் குழுவில் அவர் இரண்டு வருஷமாக உறுப்பினர். மாதத்தின் முதல் புதன்கிழமை, பதினோரு மணி, நூலகத்தின் கீழ்த்தள அறை. ஆறு முதியவர்கள், தலைவராகக் கவுன்சிலர் டல்லி, குறிப்பு எழுத நான். டல்லிக்கு ஐம்பது வயதிருக்கும். எழுபதைத் தாண்டிய பெண்கள் எல்லாரையும் 'செல்லம்' என்றுதான் அழைப்பார், காய்ச்சல் கண்ட குழந்தையிடம் பேசுகிற குரலில். அதற்கு நோரீன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பெயர் சொன்னால்தான் திரும்புவார்.

ஜூன் மாதக் கூட்டத்தில் கேனட் தெரு பஸ் நிறுத்தத்து பெஞ்சு பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தது. மத்தியானத்தில் யாரோ அதில் படுத்துக் குடிக்கிறார்கள், எடுத்துவிடுங்கள் என்று மனு வந்திருந்தது. அந்த நிறுத்தத்துக்குப் பின்னால்தான் ஓய்வூதியர் குடியிருப்பு. நோரீனின் வீடும் அங்கேதான். இரண்டு இடுப்பு மூட்டும் மாற்றப்பட்டவர். பெஞ்சு இருக்கட்டும் என்று வீடு வீடாகப் போய் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்.

அன்றைக்குக் கீழ் அறையைக் குழந்தைகளின் ஓவிய வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் மாடிக்கு மாறியது. செய்தி மின்னஞ்சலில் போயிற்று. நோரீன் மின்னஞ்சல் பார்ப்பதில்லை. லிஃப்டில் 'இயங்காது' என்று காகிதம் ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு படிகள்.

நோரீன் கீழே வந்து காத்திருக்கிறார் என்று வரவேற்பு மேசைப் பெண் மேலே வந்து சொன்னாள். பாவம், அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடு, சீக்கிரம் முடித்துவிடுவோம் என்றார் டல்லி. மேலே இருந்தவர்கள் கீழே இறங்கிப் போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. ஒன்றேகால் மணி நேரம் அவர் படிக்கட்டின் அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் அந்தக் கையெழுத்துத் தாள்களோடு உட்கார்ந்திருந்தார். மேலே பெஞ்சை எடுத்துவிட முடிவாயிற்று. ஏகமனதாக.

எங்கள் குறிப்புப் படிவத்தில் பெயர் எழுத இரண்டே கட்டங்கள். ஒன்று, வந்திருந்தோர். மற்றது, வராமைக்கு மன்னிப்புக் கோரியோர். நான் அவரை இரண்டாவதில் எழுதினேன்.

ஜூலையில் கூட்டம் மறுபடியும் கீழ் அறையில். போன கூட்டத்துக் குறிப்பில் திருத்தம் ஏதாவது உண்டா என்று டல்லி வழக்கம்போல் கேட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். நோரீன் கை தூக்கியிருந்தார்.

"நான் எப்ப மன்னிப்பு கேட்டேன்?"

"அது சும்மா ஒரு வார்த்தை, செல்லம். படிவத்துல இருக்கறது."

"என் பேரு நோரீன். நான் வரலைன்னு போட்டிருக்கு. வந்தேன். உங்க டீயக்கூடக் குடிச்சேன், ஆறிப்போய் வந்தது. நான் இல்லாம ஏகமனதுன்னு எழுதியிருக்கீங்க."

அவர் திருத்தத்தைத் தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தார். 'நோரீன் பாஸ்கோ வந்திருந்தார். மாடி ஏற வழியில்லாததால் கீழே இருத்தப்பட்டார்.' அவ்வளவுதான். பெஞ்சைத் திரும்பக் கேட்கவில்லை.

முறைப்படி யாராவது வழிமொழிய வேண்டும் என்றார் டல்லி. நோரீன் பக்கத்தில் இருந்த வால் மின்சினைப் பார்த்தார். முப்பது வருஷத் தோழி, அடுத்த வீடு. அந்த நாற்பது கையெழுத்தில் முதல் கையெழுத்து அவருடையது. வால் தன் தட்டில் இருந்த லாமிங்டன் கேக்கிலிருந்து தேங்காய்த் துருவலை ஒவ்வொன்றாக விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தங்கள் தாளில் எதையோ தேடினார்கள்.

"வழிமொழிய ஆளில்ல. தீர்மானம் விழுந்துருச்சு," என்றார் டல்லி. பிறகு என் பக்கம் குனிந்து, விழுந்துபோனதை எழுத வேண்டியதில்லை என்றார். நான் எழுதவில்லை.

நோரீன் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். கூட்டம் முடியும்வரை இருந்தார். போகும்போது வால் அவருடைய நடைவண்டியைப் பிடிக்க வந்தார். "விடு, நானே தள்ளுவேன்" என்றார் நோரீன்.

ஆகஸ்டில் அவர் வரவில்லை. செப்டம்பரிலும் இல்லை. தகவல் சொல்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராவிட்டால் இடம் பறிபோகும் என்று விதி. வாலுக்குப் பயம் வந்துவிட்டது. அக்டோபர்க் கூட்டத்துக்கு முதல் நாள் நோரீனின் கதவைத் தட்டியிருக்கிறார். நடந்ததை மறுநாள் என்னிடம் அவரே சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"போன் பண்ணி ஒரு வார்த்த சொல்லிரு. எடம் நெலைக்கும்டி."

"வந்த அன்னைக்கே வரலைன்னு எழுதுனவங்ககிட்ட, வராத அன்னைக்கு நான் எதுக்குடி சொல்லணும்?"

பிறகு, ஏன் அன்று வழிமொழியவில்லை என்று நோரீன் கேட்டாராம். சச்சரவு செய்தால் குழுவையே கலைத்துவிடுவார்கள், இருக்கிற இந்த ஒரு புதன்கிழமையும் போய்விடும், அதனால்தான் என்று வால் சொன்னாராம். நோரீன் கதவைச் சாத்தவில்லை. வால்தான் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

இடம் பறிபோன கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். தங்கள் மதிப்புமிக்க பங்களிப்புக்கு நன்றி என்கிற வரி படிவத்திலேயே இருக்கிறது. பெயரை மட்டும் மாற்ற வேண்டும். அவர் இடத்துக்கு வந்தவர் அறுபத்தாறு வயதுக்காரர், வீடு விற்கும் தொழில் செய்தவர், படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுகிறவர்.

கேனட் தெருவில் பெஞ்சு இருந்த இடத்தில் இப்போது நான்கு திருகாணி ஓட்டைகள், அடைக்காமல். வியாழக்கிழமை காலையில் நோரீன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறார். நான் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். காரில் என்னைத் தவிர யாரும் இல்லை. இதுவரை நிறுத்தியதில்லை.