பழத்துக்குள் வைத்தது

எலிக்குஞ்சு அகப்பட்டால் என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்தது கிடையாது. கோழிக்குப் போடுவோம். ஒரு கோழி கொத்திக்கொண்டு ஓடும், மற்றவை துரத்தும், நாங்கள் நின்று சிரிப்போம். அந்த ஆடி மாதம் சோளம் கொட்டிவைக்கும் குலுக்கைக்கு அடியில் ஐந்து குஞ்சுகள் அகப்பட்டன. தாய் எலியை உலக்கையால் நசுக்கிய என் அம்மா, நான்கு குஞ்சுகளைத்தான் கோழிக்கு எறிந்தாள். ஒன்றைச் சிரட்டையில் பஞ்சுக்குள் வைத்து மூடினாள்.

அந்த ஒன்று என் மனைவிக்கு.

எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். அவள் ஆண்டிபட்டிப் பெண். அந்தக் காய்ந்த ஊரில் அவளுடைய இழுப்பு நோய் பெண் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியவில்லை. எங்கள் போடிப் பக்கம் மலையிலிருந்து சாரல் இறங்கியதும் அவள் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அம்மாவுக்கு ஆங்காரம் தலைக்கேறிவிட்டது.

"நோஞ்சானை மறைச்சு நம்ம தலையில கட்டிட்டாகடா. கண்ணு தொறக்காத எலிக்குஞ்சை வாழப்பழத்துல வச்சு உசுரோட முழுங்குனா இழுப்பு நிக்கும்னு பெரியவுக சொல்லிருக்காக. நாளைக்குக் காலையில நீயே வச்சுக் குடு. அதுக்கும் நிக்கலையா, வண்டியைப் பூட்டி ஆண்டிபட்டியில எறக்கி விட்டுட்டு வா. வேற பொண்ணு பாப்போம்."

நான் இருபது வயதுத் தடியன், முரட்டுக் காளையை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்துவேன். அம்மா முன்னால் நாக்கு எழும்பாது.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, உங்களைக் கும்பிடுறேன். வெறும் பழத்தைக் குடுங்க. நான் அத்தை முன்னாலயே முழுங்கிருறேன். பெறகு இழுப்பு வந்தாலும் அவுகளுக்குத் தெரியாமப் பாத்துக்கிறேன்."

அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். செய்தபோது அது பொய்யில்லை. அவள்மேல் எனக்கு உயிர்.

காலையில் மாட்டுக் கொட்டத்தில் நான் தனியாக நின்று பழத்தைக் கீறினேன். குஞ்சைக் காக்கைக்கு எறிந்துவிட்டால் தீர்ந்தது. சிரட்டையைத் திறந்தேன். சுண்டுவிரல் நுனியளவு சிவப்புத் தோல். காலை உதைத்தது. ஒருவேளை நிஜமாகவே நோய் நின்றுவிட்டால் என்று தோன்றியது. வெறும் பழத்தைக் கொடுத்து நாளைக்கே அவளுக்கு இழுத்தால் அம்மா வண்டியைப் பூட்டச் சொல்வாள், நானும் பூட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அம்மாவை எதிர்ப்பதைவிட அவளை ஏமாற்றுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

குஞ்சை உள்ளே வைத்துப் பழத்தை அமுக்கி மூடினேன்.

"பல்லு படாம முழுங்கணும்" என்றாள் அம்மா. என் மனைவி என்னைப் பார்த்து உதட்டோரம் லேசாகச் சிரித்தாள். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சிரிப்பு. பழத்துண்டை வாயில் போட்டு விழுங்கினாள். தொண்டையில் அது அசைந்திருக்க வேண்டும். சிரிப்பு அப்படியே நின்றது. குமட்டியவளின் வாயை அம்மா இரண்டு கையாலும் பொத்தினாள். அந்தக் கைகளுக்கு மேலே கண்கள் என்னையே பார்த்தன. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன்.

இழுப்பு நின்றுவிட்டதாக அம்மா தெருவெல்லாம் சொன்னாள். நிற்கவில்லை. சாரல் நாட்களில் அவள் மாட்டுக் கொட்டத்துக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பாள். என்னைக் கண்டால் அந்த மூச்சையும் அடக்குவாள்.

எனக்குச் சோறு போட்டாள், இரண்டு பிள்ளை பெற்றாள், ஒரு நாளும் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் நான் கொடுத்த எதையும் தின்னவில்லை. சந்தையிலிருந்து அதிரசம் கொண்டுவந்து கொடுப்பேன். வாங்கிக்கொள்வாள், இரண்டாகப் பிட்டு உள்ளே பார்ப்பாள், பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவாள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம்தான் மிஞ்சியது.

பத்தாவது வருஷம் விஷக் காய்ச்சலில் படுத்தாள். அம்மா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள். போடி கடைத்தெருவில் ரொட்டி வாங்கிவந்து, பாலில் நனைத்து, நானே அவள் வாயருகே கொண்டுபோனேன். அவளுக்குத் தலையைத் தூக்கத் தெம்பில்லை. கையை மட்டும் மெல்லத் தூக்கி, என் விரலிலிருந்த ரொட்டியைப் பிட்டு உள்ளே பார்த்தாள். பார்த்துவிட்டு வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.