சாமி வேண்டாமென்று சொல்லாத வண்டி

இதை எழுத ஐந்து வருடமாகத் தயங்கினேன்.

பேனாவை எடுப்பேன். முதல் வரியும் எழுதுவேன். அப்புறம் மனசு வராமல் மழை, மாங்காய், மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று வேறு எதையாவது எழுதி அனுப்பிவிடுவேன். வாராவாரம் என்னைப் படிக்கிற உங்களிடம் நான் மறைத்த பெரிய விஷயம் இது ஒன்றுதான்.

போன புதன்கிழமை ஆம்பூரில் முடி வெட்டப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒருவர், முகமெல்லாம் சோப்பு நுரை. அந்த நுரைக்குள்ளிருந்து கதை வந்துகொண்டிருந்தது.

"மாதனூர்க்காரரு ஒருத்தரு பொண்ணுக்கு பழைய கார் வாங்கப் போனாராம். பூஜை போட்டு, வீலுக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சா... வண்டி நவுரவே மாட்டேன்னுச்சாம்! குனிஞ்சு பாத்தா பழத்துலேர்ந்து ரத்தமா ஒழுகுதாம்!"

"அப்பறம்?" என் தலையில் ஓடிக்கொண்டிருந்த கத்தரி நின்றுவிட்டது.

"அப்பறம் இன்னா? 'இந்த வண்டி வேணாம்'னு சாமி குரல் கேட்டுச்சாம். மனுசன் வுட்டுட்டு ஓடியாந்துட்டாரு. அதே வண்டியை வேற ஒருத்தன் வாங்கினான். மூணாம் நாளே போய்ட்டான்."

நான் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். பாதி வெட்டின தலையோடு அந்த மாதனூர்க்காரர் என்னைத் திருதிருவென்று பார்த்தார்.

ரத்தமாம்! குரலாம்! பாவம், ஒரு ஆளை வேறு சாகடித்துவிட்டார்கள்... ஆனால் யாரைக் கோபிப்பது? அந்தக் கதைக்கு விதை போட்டவன் நான்தானே. அதனால் நடந்ததை நடந்தபடியே இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் மாலதிக்குப் பிறந்ததிலிருந்தே இடது காலில் பலம் கம்மி. நடப்பாள், சாய்ந்து சாய்ந்து. படிப்பில் மட்டும் சாயவே இல்லை. லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்தாள், வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம்.

மறுநாளே கவலை. மாதனூரிலிருந்து வேலூருக்குத் தினமும் எப்படிப் போவாள்? ஷூ கம்பெனி பஸ்ஸெல்லாம் அந்தந்தக் கம்பெனிக்குத்தான் போகும். கவர்ன்மென்ட் பஸ்ஸின் படியோ என் முழங்காலுக்கே உயரம். ஒரு தடவை பள்ளிகொண்டாவில் இறங்கும்போது விழுந்து, முட்டியெல்லாம் ரத்தத்தோடு வந்தாள்.

"வேலூர்லயே ஒரு ரூம் எடுத்துத் தங்கட்டும்" என்றாள் என் மனைவி வசந்தா. சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

மாலதி வேறு யோசனை வைத்திருந்தாள். "கிளட்ச் இருந்தாதானேப்பா இடது கால் வேணும்? ஆட்டோமேட்டிக்ல ஒரு கால் போதும். நான் ஓட்டறேன்."

ஓட்டினாள். டிரைவிங் ஸ்கூலில் ஆட்டோமேட்டிக் காரில் கற்று லைசென்ஸும் வாங்கிவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரு கார். புதுசுக்கு நமக்கு வசதி இல்லை. பழசு வாங்கலாம், ஆனால் ஒரே ஒரு தடவைதான் வாங்க முடியும். தப்பாகப் போனால் இன்னொன்று கிடையாது. அந்த நாலு வழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே வண்டி மக்கர் பண்ணினால்? இறங்கி ஓடக்கூட முடியாத பிள்ளை...

இதுதான் என் பயம். மைலேஜ் அல்ல, கலர் அல்ல. இந்த வண்டியை நம்பி என் பெண்ணை அனுப்பலாமா? அது ஒன்றுதான் கேள்வி.

வேலூருக்கு வெளியே ரோட்டோரம் ஒரு பழைய கார் விற்கிற இடம். நடத்துகிறவர் பெயர் செல்வராஜ். நெற்றியில் பட்டை, சட்டைப் பையில் சாமி படம். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. நாங்கள் போனபோது ஒரு வெள்ளைக் கார் ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகி, ஏசி ஓடிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி தயாராக நின்றது. ஒரு ரவுண்டு போனோம், வழுக்கிக்கொண்டு போனது. வெண்ணெய்!

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். உங்களுக்குத் தெரியும், நான் தோல் கம்பெனியில் செலக்ஷனில் இருந்தவன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, வெளிச்சத்தில் தோலைப் பிரித்து எது ஒன்றாம் தரம், எது இரண்டாம் தரம் என்று பார்த்தே காலத்தைக் கழித்தவன். அந்தக் காரில் ஒரிஜினல் லெதர் சீட்! கை சும்மா இருக்குமா? தடவினேன். கிள்ளினேன். மடக்கிச் சுருக்கம் விழுகிறதா என்று பார்த்தேன். குனிந்து மோந்தும் பார்த்தேன்.

"அருமையான தோல். இதை இவ்ளோ நல்லா வெச்சிருக்கறவன் வண்டியை கெடுத்திருக்க மாட்டான்" என்று தீர்ப்பும் சொன்னேன்.

"இன்னாப்பா, நீ சீட்டு வாங்க வந்தியா, வண்டி வாங்க வந்தியா?" என்றாள் மாலதி.

நான் கேட்கவில்லை. டேவிட் என்று ஒரு மெக்கானிக், எனக்குத் தம்பி மாதிரி, வேலூரில் ஆட்டோமேட்டிக் வண்டிகளை மட்டும் பார்க்கிறவன். அவனைக் கூப்பிடலாம் என்று வசந்தா சொன்னாள். "எதுக்கு? எனக்குத் தெரியாததா?" என்று அட்வான்ஸைக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நேரம் சரியில்லை. மறுநாள் காலை நல்ல நேரத்தில் அங்கேயே பூஜை போட்டு வண்டியை எடுப்பது என்று முடிவு. சாவியைச் செல்வராஜின் பூஜை அலமாரியில் சாமி பாதத்தில் வைத்துவிட்டோம். அப்படி வைத்த சாவியை நல்ல நேரம் வரும்வரை யாரும் தொடுவதில்லை. எங்கள் பக்கத்தில் அது வழக்கம்.

காலையில் போனபோது செல்வராஜ் கொஞ்சம் தவித்தார். "அண்ணா, ஒரு அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வெச்சிடட்டுமா? வண்டி சூடாயிடும்."

"அதெப்படிங்க? சாமிகிட்ட வெச்ச சாவி. என் பொண்ணுதான் முதல்ல எடுக்கணும்" என்றாள் வசந்தா.

அவரும் பக்திமான். கன்னத்தில் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, அப்படியே சில்லென்று நின்றது.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். சந்தனம், குங்குமம், மாலை. வசந்தா வண்டிக்கு நேர் முன்னால் கற்பூரத் தட்டோடு நின்றாள். மாலதி சாமியைக் கும்பிட்டு உட்கார்ந்தாள். ஸ்டார்ட் செய்தாள். லீவரை முன்பக்கம் போவதற்கான D-க்கு இழுத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

வண்டி நகரவில்லை.

ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை விட்டாலே வண்டி தானாக மெல்ல ஊர்ந்து போக வேண்டும். இது போகவில்லை. ஒன்று... இரண்டு... மூன்று... மாலதி என்னைப் பார்த்தாள். நான் செல்வராஜைப் பார்த்தேன்.

"டக்"கென்று ஒரு சத்தம். வண்டி எகிறியது! ஒரு பழம் நசுங்காமல் தெறித்து ஓடியது. மாலதி பிரேக்கை மிதித்தாள். வசந்தாவின் தட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. கற்பூரம் அணைந்துவிட்டது.

செல்வராஜ்தான் முதலில் சிரித்தார். "குளிர்ல நின்ன வண்டி, அப்படித்தாண்ணா இருக்கும். இப்ப போடச் சொல்லுங்க."

மறுபடி போட்டாள். வெண்ணெய்! மிச்ச மூன்று பழமும் அழகாக நசுங்கின. "பாத்தீங்களா?" என்றார்.

எனக்கும் மனசு தேறிவிட்டது. கையில் மிச்சப் பணம் இருந்தது. அந்த லெதர் சீட் வேறு கண்ணில் நின்றது. மாலதி கண்ணாடியை இறக்கி மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா, தினமும் காலைல முதல் தடவைதானேப்பா நான் வண்டி எடுக்கப் போறேன்?"

அவ்வளவுதான்.

வண்டி வேண்டாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். ஆனால் எப்படிச் சொல்வது? முந்தின நாள் முழுக்க நிபுணர் மாதிரி பேசியிருக்கிறேன். கியர்பாக்ஸைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்டால்? வெட்கம். அந்த வெட்கத்தில் என் வாயிலிருந்து வந்தது இது:

"செல்வராஜு... சாமி உத்தரவு கிடைக்கல. இந்த வண்டி வேணாம்னு சொல்லிட்டாரு."

அவர் முகம் வெளுத்துவிட்டது. அட்வான்ஸை உடனே திருப்பித் தந்தார். அங்கே நின்ற ஏழெட்டுப் பேரும் கேட்டார்கள். சலூன் கதை பிறந்த இடம் அதுதான்.

நேராக டேவிட்டின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். நடந்ததைக் கேட்டதுமே அவன் சொன்னான்: "ராத்திரி நின்ன வண்டியில D போட்டா உடனே புடிக்கணும்ண்ணா. லேட்டா புடிச்சு தூக்கிப் போட்டா, கியர்பாக்ஸ் உள்ள ரப்பர் சீல் போயிருக்கும், ஆயில் பிரஷர் நிக்கல. சூடாக்கிட்டா தெரியாது. நல்லவேளை, தப்பிச்சீங்க. அவருகிட்ட இன்னா சொன்னீங்க?"

சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"நானும் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவன்தாண்ணா. சாமி பேரைச் சொன்னா உங்களுக்குச் சுலபமா முடிஞ்சிச்சு. நாளைக்கு அந்த வண்டியை வாங்கறவனுக்கு யாரு சொல்லுவா? அவனுக்கும் ஒரு பொண்ணு இருக்காதா?"

திரும்புகிற வழியில் பள்ளிகொண்டாவில் இறங்கி ரங்கநாதரைச் சேவிக்கப் போனேன். பெருமாள் படுத்தபடிதான் இருக்கிறார். ஆனாலும் அன்றைக்கு அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் சொல்லாததை அவர் சொன்னதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே!

மறுநாள் காலை செல்வராஜிடம் போனேன். "சாமி ஒண்ணும் சொல்லல. கியர்பாக்ஸ்ல கோளாறு. சொல்ல வெட்கப்பட்டு பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

சண்டை வரும் என்று நினைத்தேன். மனிதர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"நேத்தே இதைச் சொல்லக்கூடாதாண்ணா? சாமியே வேணாம்னு சொன்ன வண்டியாச்சே, வித்தாலும் பாவம், வெச்சிருந்தாலும் பாவம்னு சோறு இறங்கலண்ணா, பேஜாராய்ட்டேன்! கியர்பாக்ஸ்னா ரிப்பேர் பண்ணிட்டுப் போறேன்..."

அவருக்குக் கோளாறு தெரிந்திருந்ததா? நான் கேட்கவில்லை. எல்லா வண்டியையும் சூடாக்கி நிறுத்துவது அவர் தொழில் பழக்கம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். டேவிட்டிடமே கொடுத்துக் கழற்றிப் பார்த்தார், சீல்களை மாற்றினார், வாங்குகிறவரிடம் சொல்லித்தான் விற்றார். வாங்கியவர் மூன்றாம் நாள் போகவில்லை ஐயா! போன மாதம்கூட கியர் ஆயில் மாற்ற டேவிட்டிடம் வந்திருந்தார். கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எங்களுக்கு வண்டி குடியாத்தத்தில் கிடைத்தது. லுங்கித் தறி வைத்திருக்கிற ஒருவருடையது. போனில் முதலிலேயே சொல்லிவிட்டேன்: "நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க."

"ஏங்க?"

"எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வர்றோம்."

"வாங்கின அப்பறம்தானேங்க பூஜை?"

"எங்க வீட்ல முன்னாடியே!"

இந்த முறை டேவிட் கூட வந்தான். பக்கவாட்டில் இரண்டு கீறல். சீட்டெல்லாம் கிழிந்து, கட்டம் போட்ட லுங்கித் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். நான் சீட்டைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய்ப் பானெட்டில் கையை வைத்தேன். சில். கியர் ஆயில் மாற்றின பில்லெல்லாம் ஒரு மஞ்சள் பையில் இருந்தது, டேவிட் ஒவ்வொன்றாகப் படித்தான். வசந்தா கற்பூரத் தட்டோடு இந்த முறை ஓரமாக நின்றாள்.

மாலதி D போட்டாள். காலை எடுத்தாள்.

வண்டி உடனே பிடித்தது. சத்தமில்லை, குலுக்கலில்லை, தயக்கமில்லை... சாமி ஊர்வலம் கிளம்புகிற மாதிரி தானாக, மெல்ல ஊர்ந்தது. நாலு பழமும் நசுங்கின. ரிவர்ஸ் போட்டாள், அதே மாதிரி. ஒரு மேம்பாலம் ஏறி இறங்கி வந்து டேவிட் சொன்ன ஒரே வார்த்தை: "எடுங்கண்ணா."

ஐந்து வருடம் ஆகிறது. மாலதி தினமும் காலையில் தனியாகப் போகிறாள், வருகிறாள். போன மாதம் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து அமிர்தி அருவிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். நான் பின்சீட்டில் அந்த லுங்கித் துணிமேல் தூங்கிவிட்டேன். அதைவிட என்ன நிம்மதி வேண்டும்? லெதர் போட்டுத் தருகிறேன் என்றால், "போட்டா நீ தடவிக்கினே இருப்ப, இறங்கவே மாட்ட" என்கிறாள்.

ஒன்று யோசித்துப் பார்த்தேன். தோலுக்குப் பினிஷிங் கோட் என்கிற மேல்பூச்சை ஏற்றிவிட்டால் முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாம் மறைந்துபோகும். அதனால்தான் செலக்ஷனில் மேல்பக்கத்தோடு நிறுத்த மாட்டோம், திருப்பிப் போட்டு உள்பக்கமும் பார்ப்போம். அத்தனை வருடம் தினமும் செய்த வேலை! என் மகளின் வண்டி என்று வந்தபோது திருப்பிப் பார்க்க மறந்தேன். வழக்கத்தை மதித்த என் மனைவியும், வாயைத் திறந்து கேட்ட என் மகளும் திருப்பிக் காட்டினார்கள். அதில் சாமியின் கை உண்டா? உண்டு என்றே நம்புகிறேன். நம்புவது என் உரிமை. ஆனால் அவர் பெயரில் நானாக ஒரு வாக்கியம் பேசியது தப்பு.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கதையை நாலு பேரிடம் சொல்லுங்கள், முக்கியமாகப் பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறவர்களிடம். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். பழத்தில் ரத்தம் வரவில்லை, சாறுதான் வந்தது. குரல் கேட்டது உண்மை, அது மாலதியின் குரல். பொய் சொன்னவன் பெயரையும் விட்டுவிடாதீர்கள், அது நான்.

வண்டி பார்க்கப் போகிற அன்றைக்குச் சாமியை நன்றாகக் கும்பிட்டுக்கொள்ளுங்கள்... கும்பிட்ட கையை அப்படியே பானெட்டில் வையுங்கள். சில்லென்று இருக்க வேண்டும்!