மாதாவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் போத்தல்

போன ஞாயிறு, நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டில் ஒரு வீட்டில் ஞானஸ்நான விருந்து. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

வீட்டுக்காரர் மரியதாஸ், என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி. லூர்து யாத்திரை போய், அப்படியே பிரெஞ்சு மலைப்பக்கமும் சுற்றி வந்தவர். லூர்துத் தண்ணீரை வந்தவர்களுக்கு ஒரு மிடறு கொடுப்பது எங்கள் கத்தோலிக்க வீடுகளில் வழக்கம்தான். ஆனால் மாதா சுரூபத்தடியில் அந்தத் தண்ணீரோடு ஒரு பச்சைப் போத்தலும் நின்றது.

"துறவிமார் காய்ச்சினது. ஆயுளைக் கூட்டுற மருந்தெண்டு ஆரோ பழைய காலத்தில எழுதிக் குடுத்த செய்முறை. நூற்றுக்கு மேல மூலிகை! அவையள் வாய் திறந்து கதைக்கவே மாட்டினம், தெரியுமோ?"

சிலுவை போட்டுக்கொண்டு சின்னக் கிளாஸ்களில் ஊற்றினார். முதல் கிளாஸை யாரிடம் நீட்டினார்? அன்ரன் அண்ணையிடம்!

எங்கள் சனம் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அன்ரன் அண்ணையின் குடியை அறியாத ஆள் இல்லை. மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளோடு அதை விட்டவர். குடியை விட்டவர்களின் வாராந்தக் கூட்டத்தைத் தவறவிடாதவர். மரியதாஸுக்கும் இது தெரியும்.

"எனக்கு வேண்டாம் தம்பி."

"சாராயமே இது? மாதாவுக்கு முன்னால வச்சு எடுத்தது. வேண்டாமெண்டு சொல்லக்கூடாது அண்ணை."

மாதாவை இழுத்தால் எங்கள் ஆட்கள் எப்படி மறுப்பது? வாங்கிவிட்டார். வாயருகே கொண்டுபோனார். நான் போத்தலைத் தூக்கி லேபலைப் பார்த்தேன்… விஸ்கியை விடக் கடுமையான சரக்கு!

"அண்ணை, குடியாதேங்கோ!"

நான் கத்தியதில் வீடே திரும்பிப் பார்த்தது. அண்ணையின் மனைவி ஸ்ரெல்லா அக்கா எழுந்து வந்தார். கிளாஸைப் பிடுங்கி சிங்கில் கவிழ்த்தார்.

"ஒரு சொட்டுத்தானே… நல்ல நாளைக் குழப்பிப் போட்டீங்கள்" என்று மரியதாஸ் எங்களைத்தான் திட்டினார். எப்படி இருக்கிறது கதை?

மருந்தாகத்தான் அது தொடங்கியது — ஒத்துக்கொள்கிறேன். துளித்துளியாக எடுக்கிற டானிக். பிறகு ருசி கண்ட சனத்துக்காகக் கொஞ்சம் இளக்கி, மதுவாக்கி விற்றார்கள். துறவி தொட்டால் அல்ககோல் ஆவியாகிவிடுமா? காய்ச்சியது யார் என்று அண்ணையின் ஈரல் விசாரிக்குமா?

நேற்று அண்ணை எனக்குப் போன் எடுத்தார். "அந்த மணம் இன்னும் மூக்கில நிக்குதடா. கூட்டத்துக்குத் தனியப் போகப் பயமாக் கிடக்கு. நீயும் வாறியே?"

போனேன். மெட்ரோவில் வழி முழுக்க என் கையை அவர் விடவில்லை.

காய்ச்சுகிற துறவிகளே வாய் திறப்பதில்லை, மரியதாஸ்… ஊற்றுகிற நீங்களும் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்!