பழைய பெட்டிக்குப் புது ஆயில்

சித்தி கிளம்பியது ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. பழைய பிக்கப்பின் பின்னால் கட்டில், பீரோ, தையல் மெஷின் எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். மலைக்கு அந்தப்பக்கம் குடிபோகிறார்கள். நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வீடு திரும்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. மாமாவும் சித்தியும் முகம் பார்த்துப் பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். சித்தி அவர்கள் இருவருக்கும் தங்கை. அவள் ஒரு டிரைவரைக் கட்டிக்கொண்டது மாமாவுக்குப் பிடிக்கவில்லை; கல்யாணத்துக்குப் போகவில்லை. ஆனால் அந்தப் பிக்கப்பில் இருப்பது போன்ற ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியில் கைவைக்கிற மெக்கானிக் எங்கள் பக்கத்தில் மாமா ஒருவர்தான். வேறு வழியில்லாமல் புதன்கிழமை மாலை வண்டியோடு ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

மாமா ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேள்வி கேட்பார். எந்த வேகத்தில் இழுக்கிறது, சூடான பிறகா, ஏற்றத்திலா? "டாக்டர்கூட இவ்வளவு கேக்கமாட்டாருண்ணே" என்று வருகிறவர்கள் சலித்துக்கொள்வார்கள். பிறகு அவர்களையே ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து லீவர் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான்.

அன்று சித்தப்பா ஓட்டினார். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இன்ஜின் ஒரு கணம் வெறுமனே அலறியது. ரிவர்ஸ் போட்டால் மூன்று எண்ணிய பிறகுதான் வண்டி அசைந்தது. மாமா கியர் மாறும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் கேபிளை இழுத்துச் சரிசெய்தார். அலறல் குறைந்தது. தங்கை பக்கத்திலேயே நின்றதாலோ என்னவோ, அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கியர் பெட்டியின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவியபோது சித்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, தார் மாதிரி இருக்கு? மாத்திவிடு."

"வேணாம்."

"ஓ, தங்கச்சி வண்டின்னா அழுக்கு ஆயிலே போதுமா? நாலு வருஷம் கழிச்சு வாயத் தொறந்து ஒண்ணு கேக்கறேன்."

தேய்ந்த கிளட்ச் பிளேட்டிலிருந்து உதிர்ந்த தூள் பழைய ஆயிலில் கலந்திருக்கும். மிச்சமிருக்கும் பிளேட்டுக்கு அந்தத் தூள்தான் பிடிமானம். புது ஆயில் ஊற்றினால் வழுக்கிவிடும். அதனால் ஓடிக் களைத்த வண்டிக்கு யார் கெஞ்சினாலும் மாமா ஆயில் மாற்றமாட்டார். அன்று மாற்றினார்.

சித்தி சிரித்தாள். மாமா முதல்முறையாகச் சித்தப்பாவை முறை வைத்துக் கூப்பிட்டார். "பாத்து ஓட்டுங்க மாப்பிள்ளை."

"மச்சான் கை பட்ட வண்டி, பறந்துடும்!"

அவர்கள் போன பிறகு, வடித்த ஆயில் தட்டை நகர்த்த மாமா குனிந்தார். அடியில் விரலை விட்டு எடுத்தார். இரண்டு விரலிலும் கெட்டியாகக் கறுப்புச் சேறு.

"மூணாவதும் லேட்டு, ரிவர்ஸும் லேட்டு. ரெண்டும் ஒரே கிளட்ச்சு. கேபிள் இல்லம்மா... பிளேட்டே போயிருக்கு."

சித்தியின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. ஷெட்டில் நின்ற ஒரு காரை எடுத்துக்கொண்டு நானும் மாமாவும் பின்னால் போனோம். ஏழாவது வளைவில் தார்மேல் சொட்டுகள் தொடங்கின, காலையில் ஊற்றிய புது ஆயிலின் சிவப்பு. மேலே போகப் போகச் சொட்டுகள் நெருங்கின, கருகின. உச்சிக்குக் கீழே ஒரு வளைவில் அகலமாகத் தேங்கி நின்றது. வண்டி இல்லை. சாலையோரம் கல் அடுக்கிக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"லாரியில கட்டி இழுத்துட்டுப் போயிட்டாங்க. ஆளை முன்னாடியே கார்ல ஏத்திட்டாங்க."

"எந்த ஆளை?"

"தெரியலயே சார். கத்தின சத்தம்தான் கேட்டுச்சு."

மலைக்கு அந்தப்பக்கம் இரண்டு ஆஸ்பத்திரிகளில் கேட்டோம். அங்கே இல்லை. மூன்றாம் நாள் சித்தி அம்மாவுக்கு மட்டும் போன் செய்தாள். "உயிரோட இருக்கோம். யாரும் தேடி வராதீங்க. அண்ணன்கிட்டயும் சொல்லிடு." அதன்பின் அந்த எண்ணும் இல்லை.

மாமா ஷெட்டை மூடவில்லை. ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்து லீவரைத் தொட்டதும் கையை எடுத்துவிடுவார். ஒரே வண்டியை மூன்று முறை பிரிப்பார். "என்னண்ணே, உங்களுக்கே சந்தேகமா?" என்றால் மறுபடி ஸ்பேனரை எடுப்பார். பதினான்கு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து அவர் போனுக்குச் செய்தி வந்தது.

"அண்ணே, அன்னைக்கு ஏத்தத்துல மொதல்ல மூணாவது போச்சு. அப்புறம் எதுவுமே விழல, இன்ஜினும் அணைஞ்சுடுச்சு. அவரு டயருக்குக் கல்லு வைக்க இறங்கினாரு. நான் நகர்ந்து பிரேக்க மிதிச்சேன். இன்ஜின் இல்லாம பிரேக்கு இறுகிப்போச்சு, என் பலத்துக்கு வண்டி நிக்கல, பின்னால உருண்டு அவரு மேல ஏறிடுச்சு. அவருக்கு இடது கால முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. பழைய பெட்டிக்குப் புது ஆயில் ஊத்தக்கூடாதுன்னு தொழில் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும்னு இங்க ஒரு மெக்கானிக் சொல்றான். நான்தான் கேட்டேன். நீ வேணாம்னு சொன்ன, ஞாபகம் இருக்கு. ஏன்னு சொல்லவே இல்லையே. தெரிஞ்சேதான் ஊத்தினியா?"