ஃபோல்டர் காலி, சார்

திங்கட்கிழமை காலை ஏழே கால். குன்றத்தூரில் பஸ் ஏறி, ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

இசக்கியம்மாள். மண்ணூரில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கம்பெனியில் டிஸ்பேட்ச் பார்க்கிறவர். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் வாடகை ரூமில் தங்கி, ஏழு வருடமாக அதே மேஜையில் இருக்கிறார். அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது நான். (பத்தி எழுதினால் மட்டும் வீட்டில் அடுப்பு எரியாது என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன?)

"சார், லேபிள் ஃபோல்டரத் தொறந்தா ஒண்ணையுங் காணல. காலியா கெடக்கு."

"நல்லாப் பாருங்க."

"மூணு தடவ பாத்துட்டேன் சார்."

சனிக்கிழமை அந்தக் கம்ப்யூட்டரில் கை வைத்தது நான்தான்.

அங்கே விண்டோஸ் கிடையாது. ஐந்து வருடமாக லினக்ஸ்தான். லினக்ஸ் என்பது ஒரே சரக்கு இல்லை. ஆளாளுக்கு ஒரு விதமாகத் தொகுத்து, ஒரு பெயர் வைத்து வெளியிடுகிறார்கள், டிஸ்ட்ரோ என்பார்கள். நான் போட்டுக் கொடுத்த டிஸ்ட்ரோவின் பழைய பதிப்புக்கு அப்டேட் வருவது நின்றுவிட்டது. சரி, புதிய பதிப்பைப் போட்டுவிடலாம் என்று போனேன். அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க். ஒன்றில் சிஸ்டம், இன்னொன்றில் இசக்கியின் ஃபைல்கள். முதலாவதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். இரண்டாவதைத் தொடவில்லை.

தொடவில்லைதானே...?

"அலமாரியில பேக்கப் டிஸ்க் இருக்கும். அத மாட்டிப் பாருங்க," என்றேன்.

இரண்டு நிமிடம் லைனிலேயே இருந்தார். பின்னணியில் மோல்டிங் மெஷின் மூச்சுவிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அதுவும் காலி சார்."

பேக்கப் எடுங்கள், பேக்கப் எடுங்கள் என்று இதே பக்கத்தில் எத்தனை வாரம் உங்கள் உயிரை வாங்கியிருக்கிறேன்? அப்படிப்பட்டவன், சனிக்கிழமை மாட்டிய பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்து அழித்துவிட்டானா?

லேபிள்தானே என்று நினைக்காதீர்கள். கார் கதவுக்குள் மாட்டும் கிளிப் செய்கிற கம்பெனி அது. ஒவ்வொரு பெட்டியிலும் பார்ட் நம்பர், பேட்ச் நம்பர், பார்கோடு போட்ட லேபிள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய கார் கம்பெனியின் கேட்டிலேயே வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். கிளிப் போய்ச் சேராவிட்டால் அங்கே லைன் நிற்கும். ஏற்கெனவே ஒரு தடவை லோடு தாமதமாகி எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. இன்னொரு தடவை என்றால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். முப்பது பேர் வேலை பார்க்கிற இடம்.

பஸ் நகரவே இல்லை. முன்னால் வரிசையாகக் கம்பெனி பஸ்கள். அடுத்த போன் முதலாளி கன்னியப்பனிடமிருந்து. மண்ணூர்க்காரர், சொந்த நிலத்தில் ஷெட் போட்டுத் தொழில் ஆரம்பித்தவர்.

"இன்னா சார், லேபிள் வரலன்னு சொல்லிகினு கீறாங்க? பத்து மணிக்கு வண்டி கெளம்பணுமே."

'சர்வர் பிரச்சினை' என்று சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிலில் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து. வாய் வரை வந்தது.

"சனிக்கிழமை நான் எதையோ அழிச்சிட்டேன்னு நினைக்கிறேன் சார்," என்றேன்.



"சரி, வாங்க. வந்து பாருங்க. பதட்டத்துல ஓடற பஸ்லேர்ந்து எறங்கி வெக்காதீங்க," என்று வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மீதிப் பயணம் முழுக்க இசக்கியிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் தேடிக்கொண்டே போனேன். ஒன்றும் சரியாக அமையவில்லை. ஏழு வருட உழைப்பைத் தொலைத்ததற்கு எந்த வாக்கியம் சரியாக இருக்கும்?

நான் உள்ளே நுழைந்தபோது அவர் அழுதுகொண்டு இருக்கவில்லை. மேஜை மேல் கசங்கிய பழைய லேபிள்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்து டைப் செய்துகொண்டிருந்தார்.

"திரும்பி வந்த காலிப் பெட்டில ஒட்டியிருந்தத உரிச்சிட்டு வந்தேன். பதினாறு வகைல நாலு முடிச்சிட்டேன். கையக் கட்டிட்டு இருந்தா லோடு போவுமா சார்?"

நாற்காலியை எனக்கு விட்டுக் கொடுத்தார். லேபிள் சாஃப்ட்வேரை ஒதுக்கிவிட்டு, இரண்டாவது டிஸ்க்கை நேராகத் திறந்தேன்.

இருந்தது. ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் பார்ட் வாரியாக ஃபைல்கள், அவர் வைத்த பெயர்களோடு, அத்தனையும். பேக்கப் டிஸ்க்கைத் திறந்தேன். அதிலும் அப்படியே.

அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். முதுகை நாற்காலியில் சாய்த்தேன்... அவ்வளவுதான். காலையிலிருந்து சாயவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இசக்கி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பொ அது ஏன் சார் காலின்னு காட்டிச்சி?"

நியாயமான கேள்வி. முன்பெல்லாம் லினக்ஸில் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டால், அது சிஸ்டத்தோடு கலந்து குடித்தனம் நடத்தும். டெப் என்று ஒரு வடிவம் — பழைய பழக்கம். இப்போது ஸ்னாப், ஃபிளாட்பேக் என்று புதிய வடிவங்கள் வந்துவிட்டன. சாஃப்ட்வேர் தனக்கு வேண்டியதையெல்லாம் கட்டிக்கொண்டு ஒரு மூடிய பெட்டிக்குள் வருகிறது. அனுமதி கொடுக்காத இடத்தை எட்டிப் பார்க்க முடியாது. பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமை லேபிள் சாஃப்ட்வேர் இப்படிப் பெட்டியில் வந்திறங்கியதை நான் கவனிக்கவில்லை. இரண்டாவது டிஸ்க்கையும் வெளியிலிருந்து மாட்டும் டிஸ்க்கையும் பார்க்க அதற்கு யாரும் அனுமதி தரவில்லை. இசக்கி இரண்டையும் அதற்குள்ளிருந்தே திறந்து பார்த்தார், அதனால் காலி என்று காட்டிவிட்டது.

'இல்லை' என்பது வேறு, 'எனக்குப் பார்க்க அனுமதி இல்லை' என்பது வேறு அல்லவா? அந்த வித்தியாசத்தைச் சொல்லாத கவுன்ட்டர்களில் நாம் எத்தனை தடவை நின்று திரும்பியிருக்கிறோம்?

சாஃப்ட்வேரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. சனிக்கிழமை நான் என்ன சோதித்தேன்? புதிதாக ஒரு கட்டம் வரைந்து பிரின்ட் எடுத்தேன். அழகாக வந்தது. கிளம்பிவிட்டேன். இசக்கி தினமும் செய்கிற வேலையை ஒரே ஒரு தடவை செய்து பார்த்திருந்தால் போதும்.

அனுமதி கொடுக்க ஒரு வரிதான் டைப் செய்ய வேண்டியிருந்தது. லேபிள்கள் சரசரவென்று வர ஆரம்பித்தன. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வண்டி கேட்டைத் தாண்டியது. நான் அடுத்தடுத்து இரண்டு டீ குடித்தேன்.

ஆனாலும் அந்த டிஸ்ட்ரோவை அப்படியே விட மனசு வரவில்லை. மறுநாள் மூன்று பென்டிரைவோடு போனேன். மூன்றில் மூன்று டிஸ்ட்ரோ. கம்ப்யூட்டரில் ஏற்றாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் ஆசிரியருக்குக் கடிதமாக வந்து குவியும். இந்தத் தடவை நான் மௌஸைத் தொடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் இசக்கி ஒவ்வொன்றிலும் பழைய லேபிளைத் திறந்து, பேட்ச் நம்பரை மாற்றி, பிரின்ட் எடுத்தார்.

முதலாவது எனக்குப் பிடித்தது. பளபளப்பு, எல்லாமே புது வடிவம்.

"இதுல அப்டேட் எப்பம் சார் வரும்?"

"அதுவா வந்து அதுவா ஏறிக்கும். நீங்க கவனிக்கவே வேண்டாம்."

"லோடு ஏத்துத நேரத்துல வந்துச்சின்னா? வேண்டாம் சார்."

இரண்டாவதில் பிரின்டரைத் தேடியே ஐந்து நிமிடம் போனது. அதை அவரே மூடினார். மூன்றாவது பழைய வடிவத்தையே பிடித்துக்கொண்டிருக்கும் நிதானமான டிஸ்ட்ரோ. முகத்தில் அழகு என்று ஒன்றும் கிடையாது.

"இது போதும். நான் ஊருக்குப் போனாலும் செகண்ட் ஷிஃப்ட் செல்வி ஒக்காந்து அடிச்சிருவா."

நான் கன்னியப்பனைப் பார்த்தேன், முதலாவதற்கு ஒரு ஓட்டாவது விழாதா என்று.

"இசக்கி சொல்றதுதான் சார். நீங்க மாசத்துக்கு ஒருதபா வரீங்க. இசக்கிதான டெய்லி அங்க குந்தினு கீது?"

மூன்றாவதையே ஏற்றினேன். இசக்கி பக்கத்தில் உட்கார்ந்து, பதினாறு வகையையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் என்னை வீட்டுக்கு விட்டார்.

மூன்று வாரமாகப் போன் இல்லை. பழக்க தோஷம்... நேற்று நானே கூப்பிட்டேன். "எல்லாம் ஓடுதா?"

"நல்லா ஓடுது சார். நீங்க கை வைக்காதவரைக்கும் ஓடும்."

என் தொழிலில் இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் கிடையாது.